பழம்பொருள்களில் ரசனை மாறும் திசையைக் கணிப்பது எப்படி?

ஒரு பொருள் பழையதாக இருந்தாலே அதற்கு மதிப்பு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உலகின் முதல் ஒட்டுத் தபால்தலையான பென்னி பிளாக் 1840 மே மாதம் புழக்கத்துக்கு வந்தது. தபால்தலைகளில் அதைவிட மூத்தது எதுவும் இல்லை. ஆயினும் சுமார் 6.8 கோடித் தலைகள் அச்சிடப்பட்டதாலும், பழைய கடிதங்களைப் பலர் கட்டிப் பத்திரப்படுத்தியதாலும், தேடுகிறவருக்கு அது இன்றும் கிடைக்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1856-இல், பிரிட்டிஷ் கயானாவில் கப்பலில் வர வேண்டிய தலைகள் வந்து சேராததால் உள்ளூர் அச்சகத்தில் அவசரமாக அச்சடிக்கப்பட்ட ஒரு சென்ட் மெஜந்தா தலையோ உலகில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக அறியப்படுகிறது. ஆகவே பழமை என்பது ஒன்று, அரிதாக இருப்பது மற்றொன்று.

இவ்விரண்டும் இருந்தாலும் மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதை விரும்பிக் கேட்க ஆள் இருக்க வேண்டும். முதல் இரண்டும் பொருளிடம் இருக்கின்றன. மூன்றாவது மனிதர்களிடம் இருக்கிறது. மனிதர்கள் மூப்படைகிறார்கள், சிறிய வீடுகளுக்குக் குடிபெயர்கிறார்கள், மறைகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வேறு பொருள்கள் மீது ஆசை பிறக்கிறது. பழம்பொருள் வாங்குகிறவர்களும், ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவர்களும், பெற்றோரின் சேகரிப்பு கைக்கு வந்து அதை என்ன செய்வது என்று தயங்குகிறவர்களும் இந்த மூன்றாவது அம்சத்தைத்தான் மிகக் குறைவாக ஆராய்கிறார்கள். அதை ஆராயும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருடைய நினைவு என்று முதலில் கேளுங்கள்

கையில் இருக்கும் பொருள் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதோடு நின்றுவிடாமல், அது எந்த ஆண்டுகளில் பரவலாக விற்றது, அப்போது அதை ஆசையோடு பார்த்தவர்களுக்கு என்ன வயது, இன்று அவர்களுக்கு என்ன வயது என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி விடை காணுங்கள். எளிய கணக்குதான், ஆனால் நான் அறிந்தவரை வேறெந்த ஆய்வும் இவ்வளவு பயன் தருவதில்லை.

இந்தக் கணக்குக்குப் பின்னால் உளவியல் இருக்கிறது. நாற்பதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்வுகளை நினைவுகூரச் சொன்னால், பத்து வயது முதல் முப்பது வயது வரையான காலத்து நிகழ்வுகள் மற்றக் காலத்தைவிட அதிகமாக வெளிவருகின்றன என்பது பலமுறை உறுதிப்படுத்தப்பட்ட ஒன்று. பாடல் ரசனை குறித்து ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் மிகவும் விரும்பிய பாடல்கள் அவர்களுக்குச் சராசரியாக 23 அல்லது 24 வயதாக இருந்தபோது வெளிவந்தவையாக இருந்தன. பொம்மைகள், சித்திரக் கதைகள், விளையாட்டுக் கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த வயது இன்னும் முன்னால் தள்ளிப் போகும். வாகனங்கள், கைக்கடிகாரங்கள், கேமராக்கள் போன்றவற்றுக்குச் சற்றுப் பின்னால் வரும், ஏனெனில் அவை சிறுவயதில் கிடைத்தவையாக இருப்பதைவிட, இளமையில் ஆசைப்பட்டும் வாங்க முடியாமல் போனவையாக இருப்பதே அதிகம்.

ஆசை இருந்தால் மட்டும் போதாது, செலவழிக்க வழியும் வேண்டும். படிப்பு முடிந்து, வேலையில் நிலைபெற்று, பெரிய கடமைகள் சற்றுத் தளர்ந்த பிறகே ஒருவர் தம் சிறுவயதுப் பொருள்களைத் தேடத் தொடங்குகிறார். எனவே ஒரு குழந்தைப் பருவப் பொருளின் தேவை, அது பரவலாக விற்ற காலத்திலிருந்து ஏறத்தாழ இருபது முதல் நாற்பது ஆண்டுகளுக்குள் உச்சத்தை எட்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆங்கிலத்தில் 1999-இல் வெளியான போக்கிமான் சீட்டுகளுக்கு 2020, 2021 ஆண்டுகளில் பெரும் தேவை எழுந்தது. அப்போது அவற்றோடு விளையாடிய சிறுவர்கள் முப்பதை ஒட்டிய வயதில் இருந்தார்கள், பெருந்தொற்றினால் வீட்டுக்குள்ளும் இருந்தார்கள். 1989-இல் வந்த நின்டெண்டோ கேம் பாய் கருவிக்கும், 1978 முதல் கென்னர் நிறுவனம் விற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்கும் இதே கணக்கு வெவ்வேறு ஆண்டுகளில் பொருந்தியிருக்கிறது. இது இயற்கை விதியன்று, விலக்குகள் உண்டு. இருந்தாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், பலருக்கு மனம் வராத பகுதி அதுதான். நினைவுள்ளவர்கள் எழுபதைக் கடந்ததும் வாங்குவதை நிறுத்தி, இருப்பதைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அப்படிச் செய்வதால், சந்தையில் பொருள் பெருகும் நேரத்திலேயே வாங்குவோர் குறைகிறார்கள். ஹும்மல் பீங்கான் சிலைகளின் கதை இதற்குத் தெளிவான சான்று. கன்னியாஸ்திரி மரியா இன்னொசென்சியா ஹும்மல் வரைந்த குழந்தைச் சித்திரங்களை வைத்து ஜெர்மனியின் கோபெல் நிறுவனம் 1935 முதல் அவற்றைச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அவற்றை ஊருக்கு அனுப்பினார்கள். வீடுதோறும் கண்ணாடி அலமாரிகளில் அவை இடம்பிடித்தன. அந்தத் தலைமுறை மறைந்தபோது சிலைகள் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன, வாங்கத்தான் ஆளில்லை. 2008-இல் கோபெல் அவற்றைச் செய்வதையே கைவிட்டது. சிலைகளின் வேலைப்பாட்டில் ஒரு குறையும் நேரவில்லை. அவற்றைத் தாங்கிய நினைவுதான் மறைந்தது.

இரவல் நினைவும் ஒரு வகை

அந்தக் காலத்தில் பிறந்தே இராதவர்கள் சிலவற்றைத் தேடி வாங்குவதை இப்போது அடிக்கடி காண்கிறோம். பிலிப்ஸ் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா கேசட்டையும், 1979-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்மேனையும், பிலிம் கேமராவையும், ஏன், 2000-களின் தொடக்கத்தில் வந்த சிறிய டிஜிட்டல் கேமராக்களையும் இருபது வயதுக்காரர்கள் தேடுகிறார்கள். அமெரிக்காவில் 2022-இல் விற்ற வினைல் இசைத்தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை மிஞ்சியது. 1987-க்குப் பிறகு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. அதை வாங்கியவர்களில் பலர் ஊசி தட்டின்மீது இறங்கும் ஓசையைச் சிறுவயதில் கேட்டவர்கள் அல்லர்.

இந்த இரு சாராரும் ஒரே பொருளை வாங்கினாலும் வேறுவேறு எதிர்பார்ப்போடு வருகிறார்கள். சொந்த நினைவு உள்ளவர் தாம் வைத்திருந்த அதே மாதிரியை, அதே நிறத்தில், முடிந்தால் அதே பெட்டியோடு கேட்பார். ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்பார். இரவல் நினைவோடு வருகிறவர் அதன் தோற்றத்தையும் பயன்படுத்தும் அனுபவத்தையும் நாடுகிறார். அபூர்வமான உள்வகைகள் பற்றி அவருக்கு அக்கறை இல்லை, ஆனால் அது வேலை செய்தாக வேண்டும். ஆகவே கேசட் கருவிகளையோ பழைய கேமராக்களையோ விற்க நினைப்பவர், வரிசை எண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, ரப்பர் பட்டையை மாற்றி, ஒளி கசிவதைத் தடுக்கும் பஞ்சை மாற்றி, ஓடும் நிலையில் காட்டுவதே அதிகப் பலன் தரும். வாங்குகிறவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்: இரவல் நினைவு வேகமாக வரும், வேகமாக வேறொன்றுக்கும் தாவும்.

புதிய தயாரிப்பு உண்டா என்பதையும் பாருங்கள். போலராய்டு நிறுவனம் 2008-இல் உடனடிப் படச்சுருள் தயாரிப்பை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசி ஆலையின் இயந்திரங்களைச் சிலர் வாங்கிப் படச்சுருளை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் இல்லாதிருந்தால் 1972-இல் வந்த எஸ்எக்ஸ்-70 போன்ற அழகிய கேமராக்கள் அலமாரிப் பொருள்களாகவே நின்றிருக்கும். நாடா, ஊசி, படச்சுருள், மின்கலம் என ஒரு கருவி எதைச் சார்ந்து இயங்குகிறதோ அது இன்றும் கிடைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பின்பே அக்கருவியை வாங்க வேண்டும்.

நினைவு மறைந்த பின் எது தாங்கும்?

இதுவே நீண்ட காலம் வைத்திருக்க விரும்புகிறவரின் மையக் கேள்வி. நினைவால் மட்டும் நிற்கும் பொருள் நினைவோடு விழும். வேலைப்பாடு, வடிவமைப்பு, பயன்பாடு, வரலாற்றுச் சான்று ஆகியவற்றில் ஒன்றாவது உள்ள பொருள், இடையில் ஒரு காலம் புறக்கணிக்கப்பட்டாலும், மீண்டும் எழ வாய்ப்பு உண்டு.

அந்த இடைக்காலம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டன் மானுடவியலாளர் மைக்கேல் தாம்ப்சன் 1979-இல் முன்வைத்த ஒரு கருத்து பழம்பொருள் ஆர்வலர் ஒவ்வொருவருக்கும் உதவும். புதுப்பொருளின் மதிப்பு நாளுக்கு நாள் குறைந்து ஒரு கட்டத்தில் பூஜ்ஜியத்தைத் தொடுகிறது; அப்போது அது குப்பையாகக் கருதப்படுகிறது; பெரும்பகுதி அழிந்துபோகிறது; தப்பிப் பிழைத்த சிலவற்றை யாரோ சிலர் புதிய கண்களால் பார்க்கிறார்கள்; அதன்பின் அவற்றின் மதிப்பு ஏறத் தொடங்குகிறது என்றார் அவர். குப்பைக் காலம் என்பது தேவையான ஒரு கட்டம் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. எல்லோரும் வைத்திருந்தால் எதுவும் அரிதாகாது.

லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி செய்த வண்ணக்கண்ணாடி விளக்குகள் இந்தப் பள்ளத்தைக் கடந்து வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வர் வீடுகளை அணிசெய்த அவை, நேர்கோடுகளை விரும்பிய புதிய ரசனை வந்ததும் அளவுக்கு மீறிய அலங்காரமாகத் தோன்றின. 1933-இல் டிஃபனி இறந்தபோது அவருடைய விளக்குகளை யாரும் பொருட்படுத்தவில்லை. உலோகத்துக்காக உடைக்கப்பட்டவையும் உண்டு. பின்னர் 1960-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், அந்த விளக்குகள் சார்ந்த வளைகோட்டு அலங்காரப் பாணியான ஆர் நூவோவுக்கென்று ஒரு கண்காட்சி நடத்திய காலத்தை ஒட்டி நிலைமை மாறியது. இன்று அவை பெரிய ஏல நிறுவனங்களின் முதன்மைப் பொருள்களுள் அடங்கும். விளக்குகள் அதே விளக்குகள்தாம். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அவற்றை இகழ்ந்த தலைமுறை ஒதுங்கி, இகழக் காரணம் இல்லாத தலைமுறை வந்தது.

இயந்திரக் கைக்கடிகாரங்களின் கதையும் இதைப் போன்றதே. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் மின்கலத்தில் இயங்கும் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவதில் பற்சக்கரங்களும் சுருள்வில்லும் அதனோடு போட்டியிட முடியவில்லை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நிலைகுலைந்தது. ஆனால் நேரம் காட்டும் வேலை தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட பிறகு, இயந்திரக் கடிகாரம் கைத்திறனின் சான்றாக மறுபிறவி எடுத்தது. தன் பயன்பாட்டை இழந்த பொருளில் எஞ்சியிருப்பது என்ன என்று பார்க்கப் பழகுங்கள். எஞ்சியது பெரிதாக இருந்தால் காத்திருக்கலாம்.

வாழ்க்கைமுறை மாறினால் விலையும் மாறும்

எல்லா மாற்றத்துக்கும் நினைவு காரணமாகாது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் கரும்பழுப்பு மகோகனி மேசைகளும், பெரிய அலமாரிகளும், எழுது பெட்டிகளும் நெடுங்காலம் உறுதியான முதலீடாகக் கருதப்பட்டு, 2000-க்குப் பிறகு மேற்கத்தியச் சந்தைகளில் கடுமையாகச் சரிந்தன. வீடுகள் சிறுத்தன, தனிச் சாப்பாட்டு அறை மறைந்தது, வேலைக்காக ஊர் மாறுவது வழக்கமானது, சுவர்களை வெளிர்நிறத்தில் விரும்பும் போக்கு வந்தது. பழைய ஆடை அலமாரிகளைத் தொலைக்காட்சிப் பெட்டி வைப்பதற்காக வாங்கியவர்களும் இருந்தார்கள். தட்டைத் திரை வந்ததும் அந்தத் தேவையும் போயிற்று. அதே காலத்தில் 1950-களின் மெல்லிய கால்கள் கொண்ட நாற்காலிகள், 1956-இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஈம்ஸ் சாய்நாற்காலி போன்றவை, சிறிய அறைகளிலும் எடுபட்டதால் உயர்ந்தன.

மரச்சாமான் வாங்க வேண்டும் என்பவருக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இடமும் எடுத்துச் செல்ல வசதியும் உள்ளவர், மரத்தூள் பலகையில் செய்த புதுப்பொருளின் செலவிலேயே, சில நேரங்களில் அதற்கும் குறைவாக, கெட்டி மரத்தில் கைவினைஞர் இழைத்த மேசையை இன்று வாங்க முடிகிறது. லாபம் கிடைக்குமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு நாள்தோறும் பயன்படுத்துவதற்காக வாங்கினால் அது ஒருபோதும் தவறாகாது என்பது என் உறுதியான கருத்து. இழுப்பறைகளின் மூலை இணைப்புகள் கையால் வெட்டப்பட்டவையா, அடிப்பலகை பின்னாளில் மாற்றப்பட்டதா, பூச்சி அரித்த துளைகளில் புதிய மரத்தூள் உதிர்கிறதா என்பவற்றை மட்டும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

சட்டமும் மனச்சாட்சியும் சேர்ந்து ஒரு பொருளைச் சந்தையிலிருந்து அகற்றுவதும் உண்டு. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க 1989-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் நாடுகள் முடிவெடுத்தன. அதன்பின் பல நாடுகள் உள்நாட்டு விற்பனைக்கும் கடும் கட்டுப்பாடு விதித்தன. பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992 முதல் அதே உடன்படிக்கையின் மிகக் கண்டிப்பான பட்டியலில் இருக்கிறது. 1950, 1960-களின் உயர்தர நாற்காலிகள் பலவற்றில் அந்த மரத்தின் மேற்படலம் ஒட்டப்பட்டிருப்பதால், அவற்றை எல்லை கடந்து அனுப்ப அனுமதி தேவைப்படும். தந்தம், ஆமையோடு, அரிய மரம், பறவை இறகு ஆகியவை கலந்த எதையும் உங்கள் நாட்டின் சட்டத்தை அறியாமல் வாங்காதீர்கள், விற்காதீர்கள்.

இணையம் செய்த மாற்றம் இன்னொரு வகை. ஈபே 1995-இல் தொடங்கப்பட்டதற்கு முன்பு, ஒரு வட்டாரத்தில் கிடைக்காத பொருள் உலகிலேயே கிடைக்காதது போல் தோன்றியது. எல்லா வீட்டுப் பரண்களும் ஒரே திரையில் தெரியத் தொடங்கியதும், அரிது என்று நினைத்தவற்றுள் பல அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. நடுத்தரமானவை இறங்கின. உண்மையில் அரிதானவை, தம்மைத் தேடுகிறவர்களை உலகெங்கும் கண்டடைந்து மேலும் ஏறின. அந்த இடைவெளி இன்றும் விரிந்துகொண்டே இருக்கிறது.

சேகரிப்பதற்கென்றே செய்யப்பட்டவை

விற்கும்போதே இது சேகரிப்புக்கு உரியது என்று சொல்லி விற்கப்பட்ட பொருளை, மதிப்பு ஏறும் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். இந்த ஒரு விதியில் நான் எந்தத் தளர்வும் காட்ட மாட்டேன், ஏனென்றால் சேமிப்பை நம்பிக்கையோடு இதில் போட்டு ஏமாந்த எளிய குடும்பங்கள் மிகப் பல.

காரணம் எளிது. 1938-இல் சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழைச் சிறுவர்கள் படித்தார்கள், மடித்தார்கள், கிழித்தார்கள்; போர்க்காலத்தில் பழைய தாள் திரட்டியபோது அக்காலச் சித்திரக்கதை இதழ்கள் பெருமளவில் அரைவை ஆலைக்குப் போயின. யாரும் காக்காததால் எஞ்சியது சிறிதளவே. 1992-இல் அதே நாயகன் இறப்பதாகக் காட்டிய சூப்பர்மேன் 75-ஆம் இதழ் கறுப்பு உறையில் இட்டு விற்கப்பட்டது. மக்கள் லட்சக்கணக்கில் வாங்கி, பிரிக்காமலேயே பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் காத்ததால் எல்லோரிடமும் இருக்கிறது. டை நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த பீனி பேபிஸ் துணிப்பொம்மைகளில் சில வகைகளின் தயாரிப்பை அவ்வப்போது நிறுத்தி, அதனால் ஒரு தட்டுப்பாட்டை உண்டாக்கியது. 1999 இறுதியோடு எல்லாவற்றையும் நிறுத்தப் போவதாக அறிவித்து, பின்னர் வாக்கெடுப்பு என்று சொல்லித் தொடர்ந்தது. பொம்மைகளின் காதில் தொங்கும் அட்டை கசங்காமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டுக் காத்தவர்களிடம் அவை அப்படியே இருக்கின்றன.

'வரம்புக்குட்பட்ட பதிப்பு' என்ற அறிவிப்பைக் கண்டால், வரம்பு எத்தனை என்று எண்ணில் கேளுங்கள். சுவரில் மாட்டும் பீங்கான் சேகரிப்புத் தட்டுகளில் சில, இத்தனை சூளை நாள்களுக்கு மட்டுமே சுடப்படும் என்று விற்கப்பட்டன. ஒரு நாளில் எத்தனை தட்டுகள் சுடப்படும் என்பது சொல்லப்படவில்லை. சான்றிதழும் தங்க விளிம்பும் தனிப்பெட்டியும் அரிதான தன்மைக்கு ஈடாகா. அழகாக இருக்கிறது, சுவரில் மாட்ட ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள்; அதற்குமேல் அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

விலையை விசாரிக்கும் முறை

கேட்கும் விலை விலையாகாது. விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். பெரும்பாலான இணைய ஏலத் தளங்களிலும் ஏல நிறுவனங்களின் பக்கங்களிலும் முடிந்த விற்பனைகளைத் தனியாகத் தேட முடியும். ஒரு விற்பனையை வைத்து முடிவு செய்யாமல், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளின் விற்பனைகளை வரிசையாக எழுதுங்கள். விலையோடு, அந்தக் காலத்தில் எத்தனை பொருள்கள் விற்பனைக்கு வந்தன, அவற்றில் எத்தனை விற்காமல் திரும்பின என்பதையும் குறியுங்கள். விலை நிலையாக இருக்க, விற்காமல் திரும்புவது மட்டும் கூடிக்கொண்டே போனால், சரிவு தொடங்கிவிட்டது என்று பொருள். விற்பவர்கள் அதை இன்னும் ஏற்கவில்லை, அவ்வளவே.

பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இன்று முன்னெப்போதையும்விட அதிக எடை இருக்கிறது. நாணயங்களுக்கு வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த 70 புள்ளி அளவுகோலும், சித்திரக் கதைகளுக்கும் சீட்டுகளுக்கும் 10 புள்ளி அளவுகோல்களும் வழக்கில் உள்ளன. தரமிடும் நிறுவனங்கள் பொருளைப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருவதால், நேரில் பாராமல் வாங்குவது எளிதாகிறது. எனினும் மிக உயர்ந்த புள்ளிகளுக்கும் அதற்கு அடுத்ததற்கும் இடையே விலை வேறுபாடு பலமடங்காக இருக்கலாம். வெறும் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சந்தை சூடாக இருக்கும் காலத்தில் வாங்கினால் அந்த உச்சப் புள்ளிக்குக் கொடுத்த கூடுதல் தொகையே முதலில் கரைகிறது. நினைவுக்காக வாங்குகிறவர் நடுத்தர நிலையில் உள்ளதை வாங்கிக் கையில் எடுத்துப் பார்த்து மகிழ்வதே நல்லது என்பேன்.

தேவை எழுந்த பொருளுக்குப் போலியும் எழும். தேய்மானம் கை படும் இடத்தில்தான் இருக்க வேண்டும்: நாற்காலியின் கைப்பிடி முனை, இழுப்பறையின் கீழ் விளிம்பு, பாத்திரத்தின் அடி. எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். திருகாணிகளின் வயது, தாளின் அச்சுப் புள்ளிகள், ஒட்டுப் பசையின் நிறம் ஆகியவற்றை உருப்பெருக்கியின்கீழ் பார்க்கப் பழகுங்கள்.

காப்பதில் சில கண்டிப்புகள்

பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். வெண்கலத்தின் மேல் இயல்பாகப் படிந்த படலத்தையும் மரத்தின் பழைய மெருகையும் சுரண்டாதீர்கள். அவை போனால் மீட்க வழியில்லை. பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறைகள் காலப்போக்கில் வேதிப்பொருள்களை வெளியிட்டு நாணயத்தையும் படத்தையும் கெடுக்கும். அமிலமற்ற தாளும் பாலியெஸ்டர் உறையும் பாதுகாப்பானவை. பரணும் நிலவறையும் வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கும் இடங்கள் என்பதால், குடும்பத்தார் வாழும் அறையே பொருளுக்கும் ஏற்றது. மின்கருவிகளை எடுத்து வைக்கும் முன் மின்கலத்தைக் கழற்றுங்கள். கசிந்த கலம் அழித்த பொம்மைகளும் வானொலிகளும் கணக்கில் அடங்கா. பழைய வகைப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். இருண்ட இடத்தில் ஒளிரும் பழைய கடிகார முகப்புகளில் ரேடியம் இருக்கலாம், அவற்றைத் திறக்காதீர்கள். பழைய வண்ணப் பூச்சிலும் பீங்கான் மெருகிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் குழந்தைகளின் கைக்கும் சாப்பாட்டுக்கும் அவற்றைக் கொடுக்க வேண்டாம்.

விற்பதா, வைத்திருப்பதா?

இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். உங்கள் சொந்த நினைவுக்காக வைத்திருப்பவை ஒன்றில் வரட்டும். பிறருடைய நினைவு விலை தரும் என்று வைத்திருப்பவை மற்றொன்றில் வரட்டும். முதல் பட்டியலில் உள்ளவற்றின் சந்தை விலையை விசாரிக்கவே வேண்டாம். அது ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை, நினைவுள்ளவர்கள் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடுங்கள். அவர்களுக்கு ஐம்பது வயதாகும்போது விற்பது, எழுபதாகும்வரை காத்திருந்து விற்பதைவிடப் பெரும்பாலும் நல்லது. இரண்டிலும் சேராமல், வேலைப்பாட்டாலோ வரலாற்றாலோ தனித்து நிற்கும் என்று நீங்கள் நம்புவது இருந்தால், அதை மட்டும் இடமும் பொறுமையும் உள்ளவரை வைத்திருங்கள்.

பெற்றோர் விட்டுச்சென்ற சேகரிப்பை முடிவு செய்யும் பிள்ளைகளுக்கு இந்த வேலை கடினமானது. எதிர்பார்த்த விலை வராதபோது, பெற்றோரின் உழைப்பையும் ரசனையையும் யாரோ தாழ்த்திப் பேசியது போல் மனம் வருந்தும். விலை சொல்வது இன்றைய வாங்குவோரின் வயதையும் வீட்டையும் பற்றித்தான். சேகரித்தவரின் கண்ணைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அவசரப்பட்டு மொத்தமாகக் கொடுத்துவிடாமல், தொகுதியாக இருப்பவற்றைத் தொகுதியாகவும், தனித்துவம் உள்ளவற்றைத் தனித்தனியாகவும் பிரியுங்கள். இரண்டு இடங்களிலாவது மதிப்பிடச் சொல்லுங்கள். மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருந்தால் மூன்றாவது இடத்துக்கும் போங்கள்.

சேகரிப்பவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒன்று உண்டு, அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு பொருளையும் முன்புறமும் பின்புறமும் படம் எடுத்து, எங்கே, யாரிடம், எந்த ஆண்டில் வாங்கியது, யார் பயன்படுத்தியது, எப்போது பழுது பார்த்தது என்பதை அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதி, ரசீதோ கடிதமோ இருந்தால் அதையும் உடன் வையுங்கள். உறையின் மேல் பென்சிலால் எண்ணிட்டு, அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் இட வேண்டும். பொருளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டக் கூடாது.